பக்கத்துத் துளை

கலையரசியின் புருஷன் ஜீவானந்தத்துக்கு உடம்பில் கடைசியாக மிஞ்சி நின்றது வலது கன்னம்தான். கை போய், கால் போய், நாக்கும் போன பிறகு, கண்ணையும் அந்தக் கன்னத்தையும் மட்டுமே அவனால் தன் இஷ்டத்துக்கு அசைக்க முடிந்தது.

நரம்பு வியாதி. வேலூரில் பெயர் சொன்னார்கள், மருந்து சொல்லவில்லை. ஆரணியில் தனசேகரன் என்பவரின் பட்டுக்கடையில் பதினோரு வருஷம் டிசைன் போட்டவன் அவன். கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகப் பார்டர் வரைந்து, தறியில் டிசைன் விழவைக்கிற ஜக்கார்டு அட்டைக்கு அனுப்புகிற வேலை. ஒரு தீபாவளி சீசனில் அவன் வரைந்த அன்னத்தின் கழுத்து ஒரு கட்டம் தள்ளி விழுந்தது. மவுஸ் சரியில்லை என்று மாற்றினான். அடுத்ததும் நழுவியது, அதற்கடுத்ததும் நழுவியது. நாலாவது மவுஸ் வாங்கி வந்த அன்றுதான், கோளாறு மவுஸில் இல்லை, கையில் என்பது புரிந்தது. அப்போது அவனுக்கு முப்பத்தி நாலு வயது.

கலையரசி செய்யாறு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் டெக்னீஷியன். மோட்டார் சைக்கிளுக்கு மீட்டர் செய்கிற கம்பெனி. செய்து முடித்த ஒவ்வொரு மீட்டரையும் கம்ப்யூட்டரில் சொருகிச் சோதிப்பார்கள். அந்தச் சோதனை மேஜைகள் பழுதாகாமல் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. விடிவதற்கு முன் ஆரணி கொசப்பாளையம் முனையில் கம்பெனி பஸ் ஏறினால், சாயங்காலம் நாலரைக்கு வந்து இறங்குவாள். பகலில் ஜீவாவைப் பார்த்துக்கொண்டது அவன் அம்மா பாஞ்சாலை.

அவன் பேச்சு நின்று ஐந்து மாதம் கழித்து, கலையரசி அந்தக் கருவியைச் செய்தாள். பெரிய விஷயமில்லை. கன்னத்தில் ஒட்டிக்கொள்ள மெல்லிய பட்டன் ஒன்று, கட்டைவிரல் நீளத்தில் மலிவான சர்க்யூட் போர்டு ஒன்று, அதிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர். லேப்டாப் திரையில் எழுத்துகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒரு மஞ்சள் பட்டை மேலிருந்து கீழாக ஒவ்வொரு வரிசையாக இறங்கும். வேண்டிய வரிசை வரும்போது ஜீவா கன்னத்தை அசைத்தால் பட்டன் அழுந்தும், பட்டை அங்கே நின்று எழுத்து எழுத்தாக நகரும். இன்னொரு அழுத்தில் எழுத்து விழும். மேல் வரிசையில் 'தண்ணி', 'திருப்பு', 'அரிக்குது', ஆளைக் கூப்பிட 'மணி' என்று அவசரத்துக்கு நாலு வார்த்தை. எழுதி முடித்ததும் 'பேசு' என்பதை அழுத்தினால் லேப்டாப் வாய்விட்டுச் சொல்லும்.

முதல் நாள் முக்கால் மணி நேரம் எடுத்து அவன் எழுதியது: "கஞ்சில உப்பு கம்மி. அஞ்சு மாசமா கம்மி."

பாஞ்சாலை சிரித்தாள், பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அந்தக் குரல் செய்தி வாசிக்கிறவர் குரல் மாதிரி இருந்ததால், "எம் புள்ள நியூஸ் படிக்கிறான்" என்று தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. லேப்டாப் பேசியதால்தான் பிள்ளையோடு அவளுக்கும் பேச்சு இருந்தது. தறிச்சத்தம் கேட்கிற தெருவில், சாயங்காலங்களில் அந்த நியூஸ் குரல் கலையரசியைக் கேலி செய்யும், அம்மாவிடம் டீ போடச் சொல்லும், தனசேகரன் கடையின் புதுப் புடவை போட்டோவைப் பார்த்துவிட்டு "பார்டர் சரியில்ல" என்று தீர்ப்பு சொல்லும்.

அந்தக் கருவியில் ஒரு குறை இருந்தது. கலையரசிக்கு மட்டும் தெரிந்த குறை.

ஓடிக்கொண்டிருக்கிற கம்ப்யூட்டரில் புதிதாக ஒன்றைச் சொருகினால், கம்ப்யூட்டர் முதலில் அதை விசாரிக்கும். நீ யார், உனக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும் என்று கேட்கும். பதில் வந்ததும் ஒரு முகவரி கொடுக்கும், கையிருப்புக் கரண்டில் பங்கு ஒதுக்கும், மற்ற புரோகிராம்கள் கூப்பிட வசதியாக ஒரு நம்பரும் கொடுக்கும். கண்மூடித் திறப்பதற்குள் இத்தனையும் நடந்து 'டிங்' என்று சத்தம் வரும். விலை கூடிய சாமானாக இருந்தால் அதற்குள்ளேயே சீரியல் நம்பர் இருக்கும். எந்தத் துளையில் சொருகினாலும் பழைய ஆள் என்று தெரிந்து பழைய நம்பரே கிடைக்கும். மலிவான போர்டில் அது கிடையாது. அதைக் கம்ப்யூட்டர் துளையை வைத்துத்தான் அடையாளம் பிடிக்கும். அதே துளையில் வந்தால் பழைய ஆள். பக்கத்துத் துளையில் வந்தால் யாரோ புது ஆள், புது நம்பர். பழைய நம்பர் பழைய துளைக்கென்று ஒதுக்கினபடியே காலியாகக் கிடக்கும்.

மூன்று வருஷத்துக்கு முன்பு கம்பெனியில் இதனால் ஒன்றரை மணி நேரம் லைன் நின்றது. ஒரு பெண் மேஜையைத் துடைக்கும்போது ஒயரைப் பிடுங்கி வேறு துளையில் சொருகிவிட்டாள். லைட் எரிந்தது, சத்தம் வந்தது, ஆனால் வேலை செய்யவில்லை. காரணத்தைக் கண்டுபிடித்தவர் கலையரசியின் சீனியர் இராஜமாணிக்கம். "புரோகிராம் மூணாம் நம்பர் வாசல்ல நின்னு கூப்ட்டுகினு கீது, ஆளு ஏழாம் நம்பர் வாசல்ல நிக்கறாம்மா" என்றார். சிவப்பு நெயில் பாலிஷ் வாங்கிவரச் சொல்லி, எல்லா மேஜையிலும் சரியான துளைக்கும் ஒயருக்கும் பொட்டு வைத்தார்.

வீட்டுக் கருவியில் போர்டுக்குக் கிடைத்த நம்பர் ஐந்து. அந்த ஐந்தையே கலையரசி புரோகிராமில் எழுதிவைத்தாள். எந்த நம்பரில் இருந்தாலும் போர்டைத் தேடிப் பிடிக்கும்படி எழுதியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை செய்யலாம் என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமை துணி இருந்தது, ரேஷன் இருந்தது, அவனைக் குளிப்பாட்டுவது இருந்தது. சொருகுவது எப்படியும் தன் கை மட்டும்தானே என்று அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமையும் போனது. நெயில் பாலிஷ் பொட்டுகூட வைக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு வியாழக்கிழமை. காலையில் அவனைத் திருப்பிப் படுக்க வைத்து, கன்னத்தைத் துடைத்துப் பட்டனை ஒட்டிவிட்டுக் கிளம்பினாள். "பஸ்ல தூங்கு" என்றது லேப்டாப்.

அன்று பகலில் நடந்ததைப் பிற்பாடு பாஞ்சாலை சொன்னதிலிருந்துதான் அவள் தெரிந்துகொண்டாள்.

ஒன்பது மணிக்குக் கஞ்சி டம்ளர் சாய்ந்தது. லேப்டாப் மேஜை முழுக்கக் கஞ்சி. பாஞ்சாலை பதறிப்போய் ஒயரைப் பிடுங்கி, லேப்டாப்பைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, மேஜையைத் துடைத்து, மறுபடி வைத்து ஒயரைச் சொருகினாள். 'டிங்' என்று சத்தம் வந்தது. போர்டில் சிவப்பு லைட் எரிந்தது. திரையில் மஞ்சள் பட்டை வழக்கம்போல இறங்கிக்கொண்டிருந்தது. எல்லாம் சரியாக இருப்பதாக அவள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை.

சொருகியது பக்கத்துத் துளையில்.

கொஞ்ச நேரத்தில் ஜீவாவின் கன்னம் துடிப்பதைப் பார்த்தாள். எழுதுகிறான் என்று காத்திருந்தாள். லேப்டாப் பேசவில்லை. கிட்டே போய், "இன்னாடா வேணும்?" என்றாள். ஆமாம் என்றால் மேலே பார்ப்பான், இல்லை என்றால் கண்ணை மூடுவான். அது ஒன்றுதான் கருவியில்லாமல் அவர்களுக்குள் இருந்த பேச்சு. தண்ணியா? கண்ணை மூடினான். அரிக்குதா? மூடினான். ஒண்ணுக்கா, ரெண்டுக்கா, ஃபேனா, வெளிச்சம் கண்ணுல அடிக்குதா, கால் மடங்கிக்கிச்சா, கலைக்கு எதுனா சொல்லணுமா? கடைசிக் கேள்விக்கு மேலே பார்த்தான், உடனே கண்ணை மூடினான். அதற்கு என்ன அர்த்தமென்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"எயுதேன்டா. லைட்டு எரிஞ்சிகினு கீது இல்ல? எயுதுனாத்தானே எனுக்குத் தெரியும்?"

அவன் அழுத்திக்கொண்டே இருந்தான். பட்டை நிற்காமல் இறங்கிக்கொண்டே இருந்தது. அவசர வார்த்தைகள் இருக்கிற மேல் வரிசை சில நொடிக்கொரு முறை வந்து வந்து போனது. பன்னிரண்டு மணிக்கு அவன் கண்ணில் தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டாள். இரண்டு மணிக்கு மறுபடி அழுதபோது அவளுக்கும் பொறுக்கவில்லை.

"இன்னாத்துக்குடா என்ன இப்டி பேஜார் பண்ற? எயுத மாட்டேன்னு முரண்டு புடிச்சா நான் இன்னாத்த செய்வேன்? உன் பொண்டாட்டி வரட்டும், அவகிட்டயே சொல்லிக்க" என்று சொல்லிவிட்டு, துவைத்த துணியைக் காயப்போடப் போய்விட்டாள். கலையரசிக்குப் போன் செய்ய முடியாது. ஷிப்ட் முடிகிறவரை போன்கள் கம்பெனி லாக்கரில் இருக்கும்.

நாலரைக்குக் கலையரசி வந்தபோது பாஞ்சாலை வாசலில் நின்றிருந்தாள்.

"வா கலை. இவன் இன்னிக்கி இன்னாமோ பண்றான். காலையில இருந்து ஒரு வார்த்த எயுதல. நான் ரெண்டு வார்த்த திட்டிட்டேன்" என்றாள். குரலில் கோபத்தைவிடப் பயம் கூடுதலாக இருந்தது.

கலையரசி பையைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனாள். திரையில் பட்டை இறங்கிக்கொண்டிருந்தது. ஜீவாவின் கன்னம் துடித்தது, பட்டை நிற்கவில்லை. மறுபடி துடித்தது, நிற்கவில்லை. பட்டன் ஒட்டியிருந்த இடத்தில் தோல் சிவந்து தடித்து, ஓரத்தில் உரிந்திருந்தது. அவள் பார்வை ஒயர் வழியாக லேப்டாப்பின் பக்கவாட்டுக்குப் போனது. அங்கேயே நின்றது.

ஒயரைப் பிடுங்கினாள். பக்கத்திலிருந்த பழைய துளையில் சொருகினாள். 'டிங்'. அடுத்த முறை அவன் கன்னம் அசைந்தபோது பட்டை நின்றது.

ஜீவா கண்ணை மூடிக்கொண்டான். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

கலையரசி திரும்பினாள். கதவருகே பாஞ்சாலை நின்றுகொண்டிருந்தாள். "அத்த, இந்த ஒயர..." என்று ஆரம்பித்தபோது அவள் குரல் அவளுக்கே அந்நியமாக, கத்தி மாதிரி இருந்தது. அதற்குள் பின்னால் பட்டை நிற்கிற சின்னச் சத்தம் கேட்டது. ஜீவா எழுத ஆரம்பித்திருந்தான்.

"சரி, நான் பால் காய வெக்கறேன்" என்று பாஞ்சாலை அடுப்படிக்குப் போனாள்.

கலையரசி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் எழுதுவதைப் பார்த்தாள். கன்னம் சோர்ந்துபோயிருந்தது. வேண்டிய வரிசையைத் தவறவிட்டு, பட்டை மறுபடி சுற்றி வரும்வரை காத்திருந்தான். தப்பெழுத்து விழுந்தது, அழித்தான். இருபது நிமிஷம் ஆனது.

"அம்மாவ திட்டாத."

'பேசு' இருக்கிற வரிசைக்குப் பட்டை வந்தது. அவன் அழுத்தவில்லை. மறுபடி வந்தது. அழுத்தாமல் கலையரசியையே பார்த்தான். படிக்கத் தெரியாத அம்மாவின் காதில் அது விழ வேண்டாம் என்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது.

"திட்டல மாமா. திட்ட மாட்டேன்" என்றாள் மெதுவாக. உரிந்த தோலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினாள். "காலையில இருந்து இன்னா சொல்ல வந்த?"

அவன் பட்டனை அழுத்தினான். பட்டை நின்றது. ஒரு எழுத்துக்குப் பத்து முறை முயற்சி செய்தான். நான்கு எழுத்து எழுதுவதற்குள் முகமெல்லாம் வேர்த்துவிட்டது.

"நாளைக்கு."

"சரி, நாளைக்கே சொல்லு. நாளைக்கு நான் லீவு போட்டுடறேன். ரெண்டு பேரும் நிதானமா பேசலாம்" என்றாள். பட்டனைக் கழற்றிக் கன்னத்துக்கு ஓய்வு கொடுத்தாள். அவனைக் கேட்காமல் கழற்றினாள். பிறகு எத்தனையோ நாள் அப்படிக் கழற்றியதை நினைத்துக்கொண்டாள்.

விடிந்ததும் அவன் மூச்சில் கொழகொழவென்று சத்தம் கேட்டது. உதடு நிறம் மாறியிருந்தது. நூற்றியெட்டுக்குப் போன் செய்தாள். வேலூர் ஆஸ்பத்திரியில் உடனே சேர்த்துக்கொண்டு, மூக்கையும் வாயையும் மூடி மாஸ்க் போட்டார்கள். மாஸ்க்கின் பட்டை வலது கன்னத்தின் மேலேதான் போனது. லேப்டாப்பையும் போர்டையும் மஞ்சப்பையில் போட்டு எடுத்துப்போயிருந்தாள். வெளியே எடுக்கவே வழியில்லை. கட்டிலுக்கு அருகே குனிந்து, "அ-வா மாமா? ஆ-வா? க-வா?" என்று எழுத்துகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் கண் பாதி திறந்திருந்தது, ஆனால் மேலே போகவுமில்லை, மூடவுமில்லை. சளி நெஞ்சை அடைத்து ரத்தத்தில் கெட்ட காற்று சேர்ந்திருப்பதால் மயக்கம் என்றார் டாக்டர்.

"ஒரு நாள் பூரா கன்னத்த அழுத்திகினே இருந்தாருங்க. அதனால ஆயிருக்குமா?"

"இல்லம்மா. சளி நாலஞ்சு நாளாவே சேர்ந்திருக்கு. இந்த வியாதில இது எப்படியும் வர்றதுதான்."

நாலஞ்சு நாளாக என்றால் அவனுக்குத் தெரிந்திருக்கும். வியாழக்கிழமை அவனுக்கு மூச்சு முட்டியிருக்கும். இதை அவள் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டுப் பதில் வந்தால் அதை எங்கே வைப்பது?

மூன்றாம் நாள் மத்தியானம் இரண்டே முக்காலுக்கு ஜீவானந்தம் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து கலையரசி வேலைக்குப் போனாள். லைனில் நாற்பது நொடிக்கொரு முறை யாரோ ஒரு மீட்டரைச் சொருகுவார்கள். நாற்பது நொடிக்கொரு முறை 'டிங்'. முதல் நாள் அவள் பாத்ரூமில் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். இராஜமாணிக்கம் ஒரு வாரத்துக்கு அவளை ஸ்டோர் ரூமுக்கு மாற்றினார்.

வீட்டில் இரண்டு பெண்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இருக்கப் பழகினார்கள். பாஞ்சாலை சமைப்பாள், கலையரசி பாத்திரம் தேய்ப்பாள். பால்காரரைப் பற்றியும் மோட்டாரைப் பற்றியும் பேசிக்கொள்வார்கள். ஜீவாவின் பெயரை இருவரும் எடுப்பதில்லை. அவன் எழுதிவிட்டுப் போன அந்த ஒரு வரியை மாமியாரிடம் சொல்ல வேண்டும் என்று கலையரசிக்குத் தினமும் தோன்றும். சொன்னால், எதற்குத் திட்டக் கூடாது என்று கேட்பாள். அதற்கு ஒயரைச் சொல்ல வேண்டும். பெற்றவளிடம் அதைச் சொல்லிவிட்டு அதே வீட்டில் எப்படிச் சோறு தின்பது?

ஐப்பசியில் ராஜ்குமார் வந்தார். ஜீவாவுக்குக் கை காலை அசைத்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட். தேசூரில் சுபத்ரா என்று ஒரு அம்மா, அங்கன்வாடி டீச்சராக இருந்தவங்க, அதே வியாதி, போன மாசம் பேச்சும் நின்றுவிட்டது என்றார்.

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேணாம்மா. இருந்தாலும் அந்தப் பட்டன் மெஷினக் கேக்காம இருக்க முடியல."

"குடுக்கறேங்க சார்," என்றாள் கலையரசி. "ஆனா ஒரு வேல பாக்கி இருக்குது. அத முடிச்சிட்டுத்தான் குடுக்க முடியும்."

அந்தச் சனிக்கிழமை காலை லேப்டாப்பைத் திறந்தாள். புரோகிராமிலிருந்து ஐந்து என்ற எண்ணை அழித்தாள். கம்ப்யூட்டர் எந்த நம்பர் கொடுத்திருந்தாலும் ஒவ்வொன்றாகத் தட்டிக் கேட்டு, பட்டன் போர்டு பதில் சொல்கிற நம்பரைப் பிடித்துக்கொள்ளும்படி எழுதினாள். பதினொரு வரி. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இருபத்தைந்து நிமிஷம் ஆகியிருந்தது.

இடது பக்கத் துளையில் சொருகினாள், வேலை செய்தது. பிடுங்கிப் பக்கத்தில் சொருகினாள், வேலை செய்தது. வலது பக்கம், அதுவும். 'டிங்', 'டிங்' என்று சத்தம் வந்துகொண்டே இருந்தது.

போர்டுக்குள் அவள் ஒரு எண்ணிக்கை வைத்திருந்தாள். சின்னப் பட்டன் சீக்கிரம் தேய்ந்துவிடும் என்பதால், எத்தனை முறை அழுந்தியது என்று போர்டே எண்ணிவைக்கும், ஒயரைப் பிடுங்கினாலும் அது அழியாது; லேப்டாப் அதை நேரத்தோடு ஒரு ஃபைலில் குறித்துக்கொள்ளும். பார்க்காமல் விட்டிருக்கலாம். பார்த்தாள். அந்த வியாழக்கிழமை காலை எட்டு ஐம்பத்திரண்டுக்கு ஒரு குறிப்பு இருந்தது. அடுத்த குறிப்பு சாயங்காலம் நாலு முப்பத்தொன்பது. இரண்டுக்கும் நடுவில் இரண்டாயிரத்து முந்நூற்று நாற்பத்திரண்டு அழுத்தல்கள்.

எந்த எழுத்துக்கு அழுத்தினான் என்று எதிலும் இல்லை. யாரும் திறக்காத நம்பரில் வந்து விழுந்ததைக் கம்ப்யூட்டர் எடுத்து வைப்பதில்லை. அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு ஃபைலாகத் திறந்து தேடிக்கொண்டிருந்தாள்.

"இன்னா பண்ற கலை?"

பாஞ்சாலை ஈரக்கையோடு கதவருகே நின்றிருந்தாள்.

"தேசூர்ல ஒருத்தவங்களுக்குக் குடுக்கணும் அத்த. செக் பண்றேன்."

பாஞ்சாலை போகவில்லை. ஒயரையே பார்த்தாள். "இப்ப எந்த ஓட்டையில சொருகினாலும் வேல செய்யுமா?"

கலையரசி நிமிர்ந்து அவளைப் பார்த்தாள்.

"எனுக்குத் தெரியும்மா," என்றாள் பாஞ்சாலை. "அன்னிக்கி நீ வந்து ஒயரப் புடுங்கி மாத்தி சொருகினத பார்த்துகினுதான நின்னேன். அடுப்படியில போயி பால் வெச்சேனே, அது பொங்கி பாதி அடுப்புல ஊத்தறவரைக்கும் பார்த்துகினே நின்னேன். நீ கேப்ப கேப்பன்னு இருந்தேன். ரெண்டு மாசம் ஆவுது. நீ கேக்கல. போட்ட சோத்தத் துன்னுட்டு பாத்திரம் வெளக்கற. ஒரு நாள் ஒரு வார்த்த திட்டியிருந்தீனா, நான் உன் கால்ல வியுந்து அயுதிருப்பேன். திட்டாமயே கொல்றியேம்மா."

"தப்பு உங்க மேல இல்ல அத்த."

"புடுங்குனது நானு. சொருகினது நானு. அவன் அயுவுறத பார்த்துட்டு, முரண்டு புடிக்கிறான்னு திட்டுனதும் நானு."

"எனக்குத் தெரியும் அத்த இது இப்டி ஆவும்னு," என்றாள் கலையரசி. "கம்பெனில பார்த்திருக்கேன். சரி பண்ணவும் தெரியும். இப்ப பண்ணேனே, அர மணி நேரம்கூட ஆவல. அவ்ளோதான். ஒரு ஞாயித்துக்கெழம ஒக்காந்திருந்தா முடிஞ்சிருக்கும். ஒக்காரல."

பாஞ்சாலை சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்தாள். கலையரசியும் நாற்காலியை விட்டு இறங்கி அவள் எதிரில் உட்கார்ந்தாள். பிறகு கலையரசி லேப்டாப்பை எடுத்து மடியில் வைத்து, அந்த நாள் எழுதியதைத் திறந்தாள்.

"அன்னிக்கி சாயங்காலம் மொதல்ல இதத்தான் எழுதினாரு. உங்க காதுல விழ வேணாம்னு பேச வெக்கல."

"இன்னா எயுதியிருக்கான்?"

"அம்மாவ திட்டாத."

பாஞ்சாலை திரைக்கு அருகே குனிந்தாள். "இதுல அம்மா எது?"

கலையரசி காட்டினாள். பாஞ்சாலை ஈரம் காயாத ஆள்காட்டி விரலை அந்த எழுத்துகளின் மேல் வைத்தாள்.

"இத எயுத எவ்ளோ நேரம் ஆச்சு அவனுக்கு?"

"இருவது நிமிசம்."

"அந்த நேரத்துல அவனுக்கு இன்னா வேணுமோ அத எயுதியிருக்கலாமே பாவி," என்று சொன்னவள் அதற்கப்புறம்தான் அழுதாள். ஆஸ்பத்திரியிலும் காரியத்திலும் அழாத அழுகை. கலையரசி அவளைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்து வீட்டில் தறி நின்றது. யாரோ ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு விலகிக்கொண்டார்கள்.

கொஞ்சம் அடங்கியதும், "பேச வெக்கட்டுமா அத்த? அவரு குரல்ல கேக்கறீங்களா?" என்றாள் கலையரசி.

பாஞ்சாலை தலையை ஆட்டினாள். "வாணாம். அவன் வெக்கலியே."

மறுநாள் தேசூருக்குப் போகும்போது பாஞ்சாலையும் கூட வந்தாள். வரவேண்டாம் என்று சொன்னதற்கு, "பட்டன ஒட்ற எடத்துல தோலு வெந்துபூடும். எப்டி துடைக்கணும்னு அவங்களுக்கு யாரு சொல்லுவா?" என்றாள். சுபத்ராவுக்கு நாற்பது வயதிருக்கும். கன்னம் அசையவில்லை; புருவம்தான் அசைந்தது. கலையரசி பட்டனைப் புருவத்துக்கு மேலே ஒட்டினாள். பாஞ்சாலை வெந்நீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கிற விதத்தை அவர் கணவருக்குக் காட்டினாள். இரண்டு மணி நேரம் பழகிய பிறகு அந்த நியூஸ் குரல் அந்த வீட்டில் முதல் முறையாகப் பேசியது. "பாப்பா எங்க?" என்றது. கதவுக்குப் பின்னால் நின்றிருந்த பெண் குழந்தை ஓடிவந்தது. பாஞ்சாலை அங்கே நிற்கவில்லை. வெளியே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் நின்றாள்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டமில்லை. பாஞ்சாலை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மழை பெய்து வயலெல்லாம் தண்ணீராக இருந்தது.

"தண்ணியான்னு நாலு வாட்டி கேட்டேன்," என்றாள், யாரிடமோ சொல்வது மாதிரி. "இல்லன்னான். அரிக்குதான்னு கேட்டேன். கால் மடங்கிச்சான்னு கேட்டேன். உனுக்கு எதுனா சொல்லணுமான்னு கேட்டப்ப மட்டும் மேல பார்த்தான். ஒடனே மூடிக்கினான்."

கலையரசி பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அது உனுக்குச் சொல்றதா இருக்குமா கலை? இல்ல, மூச்சு முட்டுதுன்றதா இருக்குமா? மூச்சு முட்டுதான்னு மட்டும் நான் கேக்கல."

"தெரியல அத்த."

"நீ இன்னான்னு நெனைக்கிற?"

கலையரசி நினைக்காத நாளில்லை. ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று நினைத்திருக்கிறாள். மூச்சு என்று நினைத்த நாள்கள் மோசமான நாள்கள். தன்னிடம் சொல்ல ஏதோ இருந்தது என்று நினைத்த நாள்கள் அதைவிட மோசம்.

"தெரியல அத்த," என்றாள் மறுபடியும்.

பாஞ்சாலை தலையாட்டிவிட்டு முன் சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர் வந்து ஆரணிக்கு இரண்டு பயணச்சீட்டு கிழித்துக் கொடுத்தார்.